காரணம்: காற்று

சந்தியாகோவிலிருந்து ஆக்லாந்து
ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபது கிலோமீட்டர், சொச்சம்.
போக எதிர்காற்று, பதின்மூன்று மணி நேரம்.
வர பதினொன்று போதும்.

என் வேலை, விமானம் ஏறாமல் விமானம் ஓட்டுவது.
ஜன்னலில்லாத அறை, மூன்று திரை, ஆறிப்போன தூள்காபி.
வரைபடத்தில் அளவுகோல் வைத்து நேராய் இழுத்தால்
அது சுற்றுவழி.
குறுக்குவழியோ தெற்கே தொய்ந்து,
ஈரத்துணி காயும் கொடிபோல
பனிக்கண்டத்தின் பக்கமாய்ப் போய் நிமிரும்.
இறங்கிக்கொள்ள நடுவில் ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.
பதினேழு வருடமாய் இந்தக் கோட்டை இழுக்கிறேன்.
எவர் எவரோ போனார்கள்.

இன்று சனி. இரவு பதினொன்று நாற்பது.
இருக்கை 34 கே, ரயேன்.
தே புக்கேயில் கிவிப்பழம் பறிக்கப் போகிறாள், ஒரு வருட விசா.
டிசம்பரிலிருந்து என்னோடு
"சரி", "தெரியும்" என்ற இரண்டே சொல்லில்
குடும்பம் நடத்துகிறவள்.

மெம்பிரியோ பழப்பாகு கிண்டி, துணியில் சுற்றித் தந்தேன்.
அந்த ஊரில் பழம், விதை, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்களாம்.
மேசைமேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.
பாகுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று
நான் வாதாடவில்லை.

எடைப் படிவத்துக்கு அவளும் ஒரு சராசரி ஆள்.
உண்மையில் ஐம்பத்தொரு கிலோ,
கோபத்தையும் சேர்த்து.

வழிக்கு, மாற்று நிலையத்துக்கு, அரைமணி வட்டமிட,
சட்டம் கேட்ட எரிபொருள் எல்லாம் போட்டேன்.
அப்புறம் 'கூடுதல்' என்ற கட்டத்தில்
அறுநூறு கிலோ என்று தட்டினேன்.
காரணம்? என்றது திரை.
காற்று என்றேன்.

கேப்டன் பராவோனா போனில்:
"எல்சிரா, இன்றைக்குக் காற்று சாதுவாய் இருக்கிறதே."
"விடியலில் அங்கே மூடுபனி வரலாம்."
"முன்னறிவிப்பில் இல்லை."
"வரலாம் என்றுதான் சொன்னேன்."
காகிதம் புரளும் சத்தம். பயணிகள் பட்டியலாய் இருக்கும்.
"சரி, காற்றுதான்."
கையெழுத்து வந்தது.

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும்.
அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, அட்டவணை இருக்கிறது.
இந்தத் தூரத்துக்கு, ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்
ஏற்றியதைத் தூக்கிப்போகவே எரிந்துவிடும்.
கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்பார்கள்.
தன்னையே தின்றுகொண்டு நடக்கிற கட்டுச்சோறு
எத்தனை நாளைக்கு?

சனி இரவு ஏறியவள் திங்கள் விடியலில் இறங்குவாள்.
தேதிக்கோட்டில் அவளுக்கு நழுவிய ஞாயிறு
எனக்கு மட்டும் முழுசாய் வந்தது.
ஷிப்ட் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.
காலை ஆள் ஓஸ்வால்தோ
தன் எம்பனாடாவில் பாதியைப் பிட்டு
விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் நகர்ந்தான்.
பச்சைப் புள்ளி, பார்த்தால் அசையாது;
பார்க்காதபோது ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும்.

பன்னிரண்டு நாற்பது. தரை தொட்டது.
மூடுபனி இல்லை.
கூடுதலில் மிச்சம் முந்நூற்று எண்பது.

ஒன்று இருபதுக்குப் போன் அதிர்ந்தது:
"இறங்கிட்டேன்."
மூன்றாவது சொல்.

வீட்டில் மேசைமேல் பாகு இருக்கிறது,
நானே தின்று தீர்க்க வேண்டும்.
அலுவலகத்திலிருந்து ஒரு படிவமும் வந்திருக்கிறது:
முன்னறிவிப்பில் இல்லாத காற்றுக்கு
ஆதாரம் இணைக்கவும்,
செவ்வாய்க்கிழமைக்குள்.