பத்து சென்ட்

லைப்சிக். இரவு மூன்று பத்து.
விமானங்கள் வயிற்றைத் திறந்துவைத்து
வரிசையில் நிற்கும் நேரம்.
ஓடும் பட்டையிலிருந்து
ஒரு பெட்டி மட்டும் என் மேசைக்கு வந்தது,
சிவப்பு ஒட்டுத்தாளோடு.

அனுப்பியது: பாஹியா பிளாங்கா, அர்ஜென்டினா.
பெறுபவர்: ஹார்ட்மூட் க்ளெம், ஆனாபெர்க்.
உள்ளே ராணித் தேனீ ஒன்று,
பணித் தேனீ பத்து.
தீப்பெட்டி அளவு கூண்டு,
ஒரு முனையில் சர்க்கரை உருண்டை.

பதினேழு வருடமாகப்
படிவக் கட்டங்களை நிரப்புகிறவள் நான்.
டர்பைன் உதிரிக்கும் பல்செட்டுக்கும்
எண் கண்டுபிடித்தவள்.
ராணிக்கு விலை இருந்தது: நாற்பது யூரோ.
கூட வந்த பத்துப் பேருக்கு?
பட்டியலில் இல்லை.
பூச்சிக்குப் பூச்சியம் என்று அடித்தேன்.
கணினி மறுத்தது,
மதிப்பில்லாதது எல்லை தாண்டக் கூடாதாம்.
தலைக்கு ஒரு சென்ட் போட்டேன்.
பத்து சென்டுக்கு வந்த தீர்வை
பூச்சியம்.
அதை மட்டும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது.

"கால்நடை மருத்துவர் கையெழுத்து இல்லாமல் நகராது"
என்றார் சுங்கத்தின் வெண்ட்ரிஷ்.
தேனீ எந்தக் கணக்கில் கால்நடை?
"ஆறு காலால் நடக்கிறதே" என்றார், சிரிக்காமல்.
மருத்துவர் ஏழு மணிக்குத்தான் வருவார்.

நான்கு மணிக்குக் க்ளெம் அழைத்தார்.
ஐந்துக்கும்.
"காதை வைத்துப் பாருங்கள், சத்தம் வருகிறதா?"
வைத்தேன்.
மூடிய குளியலறைக்குள் யாரோ
மின்சவரம் செய்துகொள்கிற மாதிரி.
"அவர்கள்தான் ஊட்டுகிறார்கள்,
அவளுக்குத் தானாய்த் தின்னத் தெரியாது."
முத்திரையை உடைக்க எனக்கு அனுமதியில்லை.
காற்றுத் துளையருகே ஈரக் கைக்குட்டை
வைக்கக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

ஏழே கால். கையெழுத்து விழுந்தது.
அச்சாகி வந்த தாளின் பின்பக்கம்
இதுவரை நான் படிக்க நேராத ஒரு பத்தி:
சேர்ந்ததும் ராணியை மட்டும் புதுக் கூண்டுக்கு மாற்றவும்.
துணை வந்தவற்றைக் கொன்று
பழைய கூண்டோடு ஆய்வகத்துக்கு அனுப்பவும்.
வண்டு முட்டை ஒட்டியிருக்கிறதா என்று
லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள்.

க்ளெமிடம் கேட்டேன். தெரியும் என்றார்.
"என் கூட்டில் பத்துப் பேரைப் பிடித்து வைத்திருக்கிறேன்.
அவள் வித்தியாசம் பார்க்க மாட்டாள்."

வண்டி கிளம்பியது.
கைக்குட்டையைப் பிழிந்து
ரேடியேட்டர் மேல் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் க்ளெமின் புகார்:
கிடங்குக் கட்டணம் எட்டு யூரோ நாற்பது
பகல் கொள்ளை.
அடியில் ஒரு வரி, அவள் முட்டையிடுகிறாள்.
கூடவே ஆய்வகத் தாள்:
மாதிரிகள் பத்து. கண்டது ஏதுமில்லை.
கட்டணத்தைக் குறைக்க எனக்கு அதிகாரமில்லை,
அப்படியே பதில் எழுதினேன்.

ஆண்டுக் கடைசியில் தணிக்கைக்காரர் வந்தார்.
நாற்பது யூரோ பத்து சென்ட் என்ற வரியில்
பேனாவை நிறுத்தி,
"இந்தப் பத்து சென்ட் எதற்கு?" என்றார்.
கூட வந்தவர்கள், என்றேன்.
அவர் அடுத்த வரிக்குப் போனார்.