நிரந்தர முகவரி

காவேரிப்பட்டணம் வாடகை வீட்டுக்கு
மாதேஷை விசாரிக்க வந்தார்
ஏட்டு திம்மராயன்.
கனடாவில் கேட்கிற நன்னடத்தைச் சான்று.

"நிரந்தர முகவரி இதுதானா?"
"இல்லைங்க, அது போச்சம்பள்ளி.
படிப்புக் கடனுக்கு வித்துட்டோம்.
இப்ப அங்க புளி குடோன்."

எழுதாமல் பேனாவை மூடினார்.
"தம்பி அங்கயாவது நிரந்தரமா?"
"அதைத்தான் சார் கேட்டிருக்கான்.
பதினோரு நாள்ல வயசு ஒண்ணு கூடுது,
கூடினா அஞ்சு புள்ளி குறையுமாம்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.
போன வருஷம் வரை
கேசரி கிண்டி வீடியோவில் காட்டுவேன்.
இந்த முறை
வாழ்த்தாதே அக்கா என்கிறான்.

சாட்சிக் கையெழுத்து கேட்டார். போட்டேன்.
கீழே என் முகவரி.

"தை வரைக்கும் இதுதான்,
எழுதிக்குங்க."