ஆறில் ஒன்று

வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்.
அதில் இருபத்தெட்டை மட்டும் கூலிக்கு விற்கலாம் என்று
குடியிருப்பு அட்டையின் முதுகில் ஒரு முத்திரை.
ஆறில் ஒரு கூறு.
விளைச்சலில் அரசனுக்குப் போவது அவ்வளவு என்று
பழைய உரைகளில் படித்திருக்கிறோம்.
இங்கே கணக்கு தலைகீழ்:
அந்த ஒரு கூறில்தான்
அவள் சோறு, வாடகை, பள்ளிக் கட்டணம்,
ஊரில் ஏறிக்கொண்டிருக்கும் வட்டி.

பெயர் ஹ்வே.
குரலைத் தொண்டைக்குள் கனமாக இறக்கினால் சம்பங்கி.
உயர்த்திச் சொன்னால் ஆற்றங்கரையில் ஒரு நகரம்.
வித்தியாசம் ஒரு புள்ளிதான்.
நம் எழுத்தில் புள்ளி
தலைமேல் ஏறி உயிரைப் பறிக்கும்.
அவள் எழுத்தில்
காலடியில் கிடந்து பூவாக்கும்.

விசா ஒட்டியபோது புள்ளி உதிர்ந்தது.
கொக்குராவில் மேற்பார்வையாளர் குரோகி
பெயர் அட்டையைப் பார்த்து
ஃபுவே என்று கூப்பிட்டார்.
அந்த மொழியில் அது புல்லாங்குழல்.
அவள் திருத்தவில்லை.
வந்த புதிது.
திருத்துவதற்கான வினைச்சொல்
பதினெட்டாம் பாடத்தில்தான் வருகிறது.

இரவில் பட்டை ஓடும்.
ஆவி அடங்கிய சோறு, பெட்டி பெட்டியாக.
ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உப்பு பிளம்.
அவள் வேலை அதுதான்,
மூன்று நொடிக்கு ஒன்று.
வின் நகரத்து ஏஜென்ட் காட்டிய படத்தில்
செர்ரி மரம் பூத்திருந்தது.
நிலத்தின் சிவப்புப் புத்தகத்தை
வங்கியில் வைக்கப் போன அப்பா
அந்தப் படத்தையும் எடுத்துப் போனாராம்,
மேனேஜரிடம் காட்ட.

காலை ஒன்பதுக்கு
இஷிமாரு சென்செய் நிபந்தனை வாக்கியம் நடத்துகிறார்.
நேரம் இருந்தால் என்ன செய்வீர்கள்?
நேபாளத்துப் பையன் மலை ஏறுவேன் என்றான்.
ஹ்வே எழுந்து நின்று
தூங்குவேன் என்றாள்.
சிரிப்பு.
இலக்கணம் சரி.
நோட்டில் ஒரு சிவப்பு வட்டம்.

கியேன் இருபத்தெட்டைத் தாண்டியவன்.
இன்னொரு தொழிற்சாலை, ஞாயிறும் சேர்த்து.
விசா நீட்டிப்புக்குக் கொடுத்த காகிதங்களில்
வரிச் சீட்டுதான் காட்டிக்கொடுத்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை அவன் படுக்கை காலி.
அவள் கதவருகே சோற்றுக் குக்கர்,
உள்ளே அளவுக் கோப்பை,
மூடியில் ஒட்டிய சீட்டில்
'தண்ணீரைக் கொஞ்சம் குறைச்சு விடு'.

போனில் அம்மா.
சாப்பிட்டாயா?
சாப்பிட்டேன்.
கியேன் எங்கே, அவன் அம்மா இங்கேதான் இருக்கிறாள்,
பேச வேண்டுமாம்.
பரீட்சை, படிக்கிறான் என்றாள்.
குக்கரில் பொத்தான் டக்கென்று மேலே வந்தது.
அது யார் என்று அம்மா கேட்டாள்.

இந்த வாரத்தின் இருபத்தெட்டாவது மணி.
மூன்று ஐம்பது.
கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று
எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.
அடுத்த பெட்டி வந்தது.
பிளம்மை அவள் நடுவில் வைக்கவில்லை.
கீழே,
விளிம்புக்குச் சற்று மேலே,
வெள்ளைத் தாளில்
கடைசி எழுத்தின் காலடியில் வைப்பதுபோல்
வைத்தாள்.
குரோகி பார்த்தார்.
பட்டை குலுங்கியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ
விட்டுவிட்டார்.

ஹகாட்டா போகும் ஏழு மணி ரயிலில்
யாரோ மூடியைத் திறப்பார்.
குச்சியால் அதை நடுவுக்கு நகர்த்துவாரோ,
அப்படியே வாயில் போட்டுக்கொள்வாரோ.
புளிக்கும்.
கொட்டையைத் துப்பியாக வேண்டும்.