இரண்டாவது பொட்டலம்

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுக வாசல்வரை கண்டெய்னர் வரிசை.
மூன்று நாளாய் முன்வண்டியின் முதுகையே
பார்த்துக் கிடப்பவர்களுக்கு
நான் கொஞ்சம் வேடிக்கை.
"ஒற அக்கா வந்துச்சிடா."
வந்துச்சிதான்.
தோளில் துணிப்பை, உள்ளே நானூறு ஆணுறை,
மாட்டிக் காட்ட ஒரு மரக்குறி,
அதைப் பார்த்துச் சிரிக்க அஞ்சு நிமிஷம்.
சிரித்து முடித்தவன்தான்
டயரைப் பார்த்தபடி கேட்பான்:
"ஒண்ணுக்குப் போனா எரியுதுக்கா."

மாதேசும் அப்படித்தான் கேட்டான். ஓமலூர்க்காரன்.
தண்டையார்பேட்டைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன்.
பேரை விட்டு நம்பர் போட்டார்கள்.
சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து
அங்கேயே விழுங்கினான்.
இன்னொன்றை நீட்டினாள் நர்ஸ் செல்வமேரி:
"இது வீட்டுக்காரம்மாவுக்கு."
யாரோ பெற்ற பிள்ளையை வாங்குவதுபோல்
ரெண்டு கையாலும் வாங்கினான்.

ஆறு வாரம். அதே வரிசை, அதே வண்டி.
முனீஸ்வரன் படத்துக்குப் பின்னால்
பிரிக்காத பொட்டலம்.
"ஊருக்குப் போவலியா?"
"ரெண்டு தபா."
"சொல்லலியா?"
இண்டிகேட்டரைப் போட்டான். அணைத்தான்.
போட்டான்.

கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
"நான்தான் உன் பொண்டாட்டி. சொல்லு."
"சத்து மாத்திரம்மா, சாப்புடு..."
"பொய். எறங்கு."
"என் வண்டிக்கா இது."
"அப்ப சொல்லு."
ஒரு வண்டி நீளம் வரிசை நகர்ந்தது.
அடுத்த தடவை, எல்லா டிரைவரும்தான், என்று தொடங்கி
தானே நிறுத்திக்கொண்டான்.
அதற்கடுத்து அழுதான்.
"அழுதா மாத்திர எறங்காது" என்றேன்.

காசிமேட்டு மீன் வாடை கேபினுக்குள் ஏறும்போது
ஸ்டியரிங்கிடம் சொன்னான்:
"தப்பு என்னுது. சீக்கு உனக்கும் வந்திருக்கும்.
நீயும் முழுங்கினாத்தான் ரெண்டு பேருக்கும் போவும்.
அதுவரைக்கும் உன்கிட்ட வரமாட்டேன்."

எனக்கு யாரும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து சொல்லவில்லை.
ஸ்டான்லியில், ஏழாம் மாசத்தில்,
ரத்தச் சீட்டுதான் சொன்னது.
பென்சிலின் இடுப்பில் கல்லாய் இறங்கிக்கொண்டிருந்தபோது
அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.
இதை மாதேசிடம் சொல்லவில்லை.

"கோச்சிக்குவாளாக்கா?"
"கோச்சிக்குவா.
கோச்சி முடிக்கிற வரைக்கும் அங்கியே நில்லு.
அப்புறம் ஒரு சொம்பு தண்ணி கொண்டா.
மாத்திர பெருசு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.