காலிக் கட்டம்

அந்தேரி கிழக்கு, சக்காலா, ஆறாவது மாடி.
ராத்திரி ஒன்பதே காலுக்கு
எண்டரைத் தட்டிவிட்டு
கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
அம்புக்குறி தானாகக் கிளம்பியது.

எக்ஸ் 412, ஒய் 637, அங்கே ஒரு க்ளிக்.
எக்செல்லில் எடு, இங்கே ஒட்டு,
டேப், டேப், டேப், சேமி.
இறப்புக் கோரிக்கைகள் அறுநூற்று நாற்பது.
முதல் பத்து வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றேன்,
புது டிரைவர் ரிவர்ஸ் எடுக்கையில்
வண்டிக்காரன் நிற்பதைப் போல.

நடுநடுவே 'காத்திரு' என்று எழுத வேண்டியிருந்தது.
பழைய மென்பொருள், மழைநாள் லோக்கல் மாதிரி,
வரும், அதன் நேரத்துக்கு.
0.8 விநாடி பற்றவில்லை. 1.5 வைத்தேன்.
பத்து லட்சம் தாண்டினால் மட்டும்
ஒரு ஜன்னல் எட்டிப்பார்த்து 'உறுதியா?' என்று கேட்கும்.
'ஆம்' அடிக்கச் சொல்லியாயிற்று.
அந்த இடத்தில் சுலபா கதம் என்றால்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோவாள்.
அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை,
விட்டுவிட்டேன்.

டீ கொண்டுவந்த பாண்டுரங் காகா
யாரும் தொடாமல் எழுத்து விழுவதைப் பார்த்து
"பூத் ஹை க்யா?" என்றார்.
இல்லை காகா, நான்தான்
என்று சொன்ன என் இரண்டு கையிலும்
வடாபாவ் இருந்தது.

கடைசி ரயிலில் பயம் பிடித்தது.
அப்டேட் என்று ஒன்று நடுவில் வந்தால்?
துடைப்பவர் மேசையை இடித்து
ஒரு வரிசை தள்ளிப்போய்
ஒருத்தர் சாவு இன்னொருத்தர் கணக்கில் ஏறினால்?

காலையில் 217-இல் நின்றிருந்தது.
அப்டேட்டும் இல்லை, கரண்டும் போகவில்லை.
நாமினி: அஞ்சலை.
உறவு: தாய்.
ஊர்: திண்டிவனம் பக்கம் ஏதோ.
குடும்பப்பெயர்:
சிவப்பாக, கட்டாயம் நிரப்பவும்.

எனக்குத் தெரியாத கட்டமா!
வேலைக்குச் சேர்ந்த அன்று இதே இடத்தில்
அப்பா பெயரைப் போட்டேன்.
நாலு வருஷமாய் எல்லா மெயிலும்
'டியர் மாயாண்டி'.
லிஃப்டே ஏறியறியாத மனுஷன்
இங்கே தினமும் லேட்டாக வருகிறார்,
லீவு கேட்கிறார்,
அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று வாங்குகிறார்.

சுலபா பையை இறக்காமலே எட்டிப்பார்த்தாள்.
"புள்ளி வை. உங்க ஊர்க்காரங்களுக்கு
நான் எப்பவும் அதான்."

ராத்திரி முழுக்க
அந்தக் காலிக் கட்டத்துக்குள்
சின்னக் கோடு ஒன்று
மின்னி மின்னி நின்றிருக்கிறது.
பின்னால் நானூற்று இருபத்து மூன்று பேர்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
காலி என்றால், புள்ளி.
217 நகர்ந்தது.
218-க்கும் குடும்பப்பெயர் இல்லை.
நிற்கவில்லை.