ஊ என்ற உதட்டில் ஈ

பதினொரு வருடமாக நான்
மூக்குக்கு மேலே மட்டும் வாழ்ந்தவள்.

எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்
ஏஷ்பாகர் என்ற ரயில் ஓட்டுநர்.
இரண்டு மீட்டருக்கு நாலு விரற்கடை குறைவாம்.
தன் தாடிக்கு அளவெடுத்துத்
தானே அறைந்த குளியலறைக் கண்ணாடி.
எனக்கு அதில் கிடைத்தது
வகிடு, நெற்றி, பொட்டு,
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்
கள்ளனுடையதைப் போல் இரண்டு கண்.
மூக்கு வேண்டுமென்றால் நுனிக்காலில் நிற்கவேண்டும்.
வாய்?
வாய் வாடகையில் சேரவில்லை.

வாகீசனுக்குச் சட்டைப்பை வரை தெரியும்.
"நல்லாத்தானே இருக்கு" என்பார்.

இந்த மார்ச்சில் மேல்வீட்டுக் குழாய் கசிந்து
ரசம் விளிம்பிலிருந்து கறுத்துக்
கண்ணாடிக்குத் தேமல் படர்ந்தது.
வீட்டு நிர்வாகம் கடிதம் போட்டது:
முந்நூறு பிராங்குக்குள் நீங்களே வாங்கலாம்.
டைல்ஸில் துளை போடவேண்டாம்,
இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் கோட்டில் போடவும்.
நட்பான வணக்கங்களுடன்.

புர்க்டோர்ஃபிலிருந்து பஸ் பிடித்து
தளபாடக் கடைக்குப் போனோம்.
நாற்பது கண்ணாடி.
நாற்பதிலும் எனக்கு வாய் இருந்தது.

பித்தளை விளிம்பு வைத்த வட்டத்துக்குள் நின்றேன்;
மாலை ஒன்றுதான் குறை.
சுற்றிவர விளக்கு எரிந்ததில்
குடிவரவு அலுவலகத்துப் படம்போல் இருந்தேன்.
"நாலாயிரம் கெல்வின், பகல் வெளிச்சம்"
என்றான் விற்பனைப் பையன்.
எந்தப் பகல், நவம்பரா ஜூலையா
என்று கேட்க ஜெர்மன் வரவில்லை.
முதுகு சூடாகி ஆவி படியவிடாத ஒன்று:
வாகீசன் அதைப் புறங்கையால் தொட்டுக்
காய்ச்சல் பார்த்தார்.

பேசின் அலமாரி எண்பது என்றால்
கண்ணாடி எழுபதுதான், அதைத் தாண்டக்கூடாதாம்.
அவர் அகலம் அளந்துகொண்டிருந்தார்.
நான் கைப்பைக்குள்ளிருந்து தையல்நூலை எடுத்தேன்.
அதில் இரண்டு முடிச்சு:
ஒன்று அவர் உச்சந்தலை,
ஒன்று என் நாடி.
நடுவில் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.

விளக்கில்லாத, சட்டமில்லாத,
ஒரு மீட்டர் உயரத்து வெறுங்கண்ணாடி.
குழாய்க்கு ஒரு சாண் மேலே தொடங்கவேண்டும் என்றேன்.
"தண்ணி தெறிக்கும். பற்பசை புள்ளி புள்ளியா விழும்.
நீர்தான் துடைக்கவேணும்."
துடைக்கிறேன்.

ஞாயிறு துளைக்கக்கூடாது;
சனி மாலை ஐந்தரைக்குக் கடைசித் திருகாணி.

முதற் குளிர்காலத்தில் எனக்கு ஜெர்மன் படிப்பித்தவரின்
பெயரை இன்றுவரை நான் சரியாகச் சொன்னதில்லை.
லூத்தி இல்லை, லீத்தியும் இல்லை.
நாக்கு ஈ சொல்லவேண்டும்,
உதடு ஊ சொல்லவேண்டும், ஒரே நேரத்தில்.
வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகு என்றார்.
பழகினேன், வருடக்கணக்காக.
நெற்றி நன்றாகத்தான் உச்சரித்தது.
கைப்பைக் கண்ணாடியில் ஒரு தடவைக்கு ஓர் உதடு.
லிஃப்டில் ஆட்கள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் தள்ளுவண்டியோடு நின்று
கதவு, கதவு என்பேன்.
அவர்களுக்கு அது
பயணம், பயணம் என்று கேட்கும்.
போய்வா என்று கையசைப்பான்
பாத்திரம் கழுவும் ரூயி.

அன்று இரவு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு
முழு வாயோடு நின்றேன்.
இடப்பக்கம் சற்றே கோணுகிறது என் வாய்;
எப்போதிருந்து என்று தெரியவில்லை.
உதட்டைக் குவித்தேன், ஊதாமல்.
உள்ளே நாக்கை ஈயாக வைத்தேன்.
மூச்சுப் பட்டு வாயிருந்த இடம் வெளுத்தது.
துடைத்தேன். மறுபடி.
துடைத்தேன்.

வெளியே தட்டினார்:
"ஆரோடை கதைக்கிறீர்?"

கதவு என்றேன், ஜெர்மனில்,
இருபக்க உதடும் பார்த்து, கவனமாக.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்:
"எங்கை போறதுக்கு?"