நான்காம் எண்

எஸ்தெலியில் மழை ஓய்ந்த சனிக்கிழமை.
சுருட்டுகளின் காகிதப் பட்டையை உரித்துவிட்டு
எண் ஒட்டினாள் யாமிலெத்.
பெயர் தெரிந்துவிட்டால்
நாக்கு முகஸ்துதி செய்யுமாம்.

ஒன்று, வெறும் வைக்கோல். எழுபத்தெட்டு.
இரண்டுக்கு எவெனோர் கண்ணை மூடிக்கொண்டான்.
மிளகு, என்றான். அப்புறம் கொக்கோ.
அப்புறம், நனைந்த செருப்பை
அடுப்பருகே வைத்தால் வருமே, அது.
தொண்ணூற்றொன்று போட்டான்.
சாம்பல் இரண்டு விரற்கடை
உதிராமல் நின்றது.

மூன்று பாதியில் அணைந்தது.
தப்பு தீக்குச்சியுடையது என்று உலிசெஸ் வாதாடும்போதுதான்
எவெனோருக்கு ஃபோன் வந்தது.
கொல்லைப்பக்கம் போய் நின்றான்.
'ம்' மட்டும் கேட்டது, ஏழெட்டு முறை.

நான்கு.
கசப்பு, என்றான் வந்து உட்கார்ந்து.
எரிந்த மெத்தை.
எவனோ அவசரத்தில் சுருட்டியிருக்கிறான்.
அறுபத்துமூன்று.

யாமிலெத் சீட்டைத் திருப்பினாள்:
இரண்டும் நான்கும் ஒரே கட்டு,
ஒரே இலை,
பட்டறையில் அவளே சுருட்டியவை.

உலிசெஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்,
நிறுத்தத்தான் கொஞ்சம் தாமதமாயிற்று.

அவள் எவெனோர் கையிலிருந்ததை வாங்கி
ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.
"யாரு ஃபோன்ல?"

அவன் தாளை இழுத்து
அறுபத்துமூன்றை அடித்தான்.
வேறெதுவும் எழுதாமல்
பென்சிலைக் கீழே வைத்தான்.